பெரிய லைப்ரரியைச் சிறு லைப்ரரிகளாகப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல செயலிகள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே பெரிய லைப்ரரி, அதாவது பொதுவான கோடின் தொகுப்பு. ‘காமன்’, ‘கோர்’, ‘ஷேர்ட்’ என்று ஏதாவது பெயர் இருக்கும். முதல் வருடம் அது எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. ஐந்தாம் வருடம் அதைத் தொடவே ஆள் கிடைக்காது. அதைப் பிரிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த வேலையை நாலைந்து முறை செய்தவன், அதில் இரண்டு முறை சொதப்பியவன் என்ற தகுதியில்தான் பதில்களும்.

எங்கள் லைப்ரரி பெரிதாகிவிட்டது. பிரித்தே ஆக வேண்டுமா?

பெரிதாக இருப்பது மட்டும் காரணமாகாது. இரண்டு லட்சம் வரி இருந்தாலும், ஒரே டீம் பார்த்துக்கொண்டு வாரம் ஒரு ரிலீஸ் நிம்மதியாகப் போகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு. பில்லிங் டீம் ஒரு வரியை மாற்றினால், சம்பந்தமே இல்லாத தேடல் டீம் தன் டெஸ்ட்களையெல்லாம் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறதா? தேதியை அழகாக எழுதித்தரும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக லைப்ரரியைச் சேர்த்தவருக்கு, பிடிஎஃப் உருவாக்கும் பேக்கேஜும் இரண்டு டேட்டாபேஸ் டிரைவர்களும் ஒரு பழைய எக்ஸ்எம்எல் பார்சரும் கூடவே வந்து இறங்குகின்றனவா? எதை அப்டேட் செய்தால் எது உடையும் என்று தெரியாமல் ஆளுக்கொரு பழைய வெர்ஷனில் உட்கார்ந்திருக்கிறார்களா? கடைசியாகச் சொன்னதுதான் மோசமானது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் ‘பொது லைப்ரரி’ என்பது பெயரளவுக்குத்தான். நடைமுறையில் ஏழெட்டு லைப்ரரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சில சமயம் தளமே கட்டாயப்படுத்தும். ஆண்ட்ராய்டில் ஒரு டெக்ஸ் கோப்புக்குள் (செயலியின் கம்பைல் ஆன கோட் இருக்கும் கோப்பு) 65,536 மெத்தட்களுக்கு (ஃபங்ஷன்களுக்கு) மேல் குறிப்பிட முடியாது. கூகுளின் சேவைகளைச் செயலிக்குள் கொண்டுவரும் பிளே சர்வீசஸ் லைப்ரரி ஒரே கட்டியாக இருந்த காலத்தில், வரைபடம் மட்டும் வேண்டும் என்றவரும் விளம்பரம், விளையாட்டு என்று எல்லாவற்றையும் சுமந்தார். அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது. 2014 கடைசியில் வந்த 6.5 வெர்ஷனில்தான் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வழி வந்தது.

எந்த இடத்தில் வெட்டுவது?

முதலில் எங்கே வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ‘மாடல்கள்’, ‘ஹெல்பர்கள்’, ‘இன்டர்ஃபேஸ்கள்’, ‘எக்ஸப்ஷன்கள்’ என்று வகைவாரியாகப் பிரிக்காதீர்கள். ஃபோல்டர் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும் என்பதால் கை அங்கேதான் போகும். ஆனால் இன்வாய்ஸில் ஒரு புதிய புலம் சேர்த்தால் மாடல் மாறும், அதைச் சரிபார்க்கும் ஹெல்பர் மாறும், அது எறியும் எக்ஸப்ஷனும் (பிழை அறிவிப்பும்) மாறும். முன்பு ஒரு கமிட்டில் (ஒரே தடவையாகப் பதிவுசெய்யும் மாற்றத்தில்) முடிந்த வேலைக்கு இப்போது மூன்று லைப்ரரி, மூன்று ரிலீஸ். நான் முதல் முறை சொதப்பியது இப்படித்தான்.

சேர்ந்து மாறுபவை சேர்ந்தே இருக்க வேண்டும். இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-இலேயே எழுதிவிட்டார்: வேலை நடக்கும் வரிசையைப் பார்த்து மாட்யூல் பிரிக்காதீர்கள், பிற்பாடு மாறக்கூடும் என்று தோன்றும் ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவையுங்கள் என்று.

எவை சேர்ந்து மாறுகின்றன என்பதைத் தலையைச் சொறிந்து யோசிக்க வேண்டியதில்லை. கமிட் வரலாறு அப்படியே கையில் இருக்கிறது. கடந்த ஒன்றரை வருடக் கமிட்களை எடுத்து, எந்த இரண்டு கோப்புகள் ஒரே கமிட்டில் அடிக்கடி வருகின்றன என்று எண்ணுங்கள். ஐம்பது வரி ஸ்கிரிப்ட் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபார்மேட் செய்த கமிட், லைசென்ஸ் வருடத்தை மாற்றிய கமிட் போன்றவை எல்லாக் கோப்புகளையும் எல்லாவற்றோடும் முடிச்சுப்போட்டுவிடும். முப்பது கோப்புக்கு மேல் தொட்ட கமிட்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அப்புறம் இன்னொரு பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் லைப்ரரியின் ஒவ்வொரு பகுதி, மேலே அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலி. யார் எதை இம்போர்ட் செய்கிறார்களோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. எல்லோரும் தொடும் பகுதி பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ஒரே ஒரு செயலி மட்டும் பயன்படுத்தும் பகுதி நிச்சயம் இரண்டு மூன்று வரும். அவற்றைத் தனி லைப்ரரி ஆக்க வேண்டாம், அந்தச் செயலிக்கே கொடுத்துவிடுங்கள். யாருமே பயன்படுத்தாத பகுதியும் வரும். அதை நீக்குவதைப் போன்ற இன்பமான வேலை இந்தத் திட்டத்தில் வேறு கிடையாது.

வெளியிலிருந்து கனமான எதையாவது இழுத்துவரும் பகுதி, உதாரணமாக அந்தப் பிடிஎஃப் விவகாரம், தனியாகப் போவதற்கு முதல் தகுதி உள்ளது. அதை மட்டும் பிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. பாதிப் புகார் அதோடு போய்விடும்.

ஆட்களையும் பாருங்கள். ஓர் அமைப்பு உருவாக்கும் மென்பொருள் அந்த அமைப்பின் தகவல் பரிமாற்ற வடிவத்தையே எடுக்கும் என்று கணினி நிபுணர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். இரண்டு டீம்களுக்கு நடுவில் விழும் லைப்ரரியை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பொறுப்பேற்க ஓர் ஆள் கிடைக்காத துண்டைப் பிரிக்காமல் இருப்பதே நல்லது.

‘யூட்டில்ஸ்’ ஃபோல்டரை என்ன செய்வது?

அதை அப்படியே ‘யூட்டில்ஸ்’ லைப்ரரி ஆக்கிவிடாதீர்கள். ஆக்கினால் பழைய பெரிய லைப்ரரியைச் சின்னதாக மறுபடி பெற்றெடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு வருடத்தில் அது வளர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் யார் அழைக்கிறார்கள் என்று பார்த்து, அழைப்பவர் வீட்டுக்கே அனுப்புங்கள். மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இப்போது வந்துவிட்டவை நிறைய இருக்கும், அவற்றுக்கு விடைகொடுங்கள். மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு ஃபங்ஷன்கள். அவற்றுக்கு வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள்: ‘உரை’, ‘நேரம்’, ‘மறுமுயற்சி’ என்று. என்ன பெயர் வைப்பது என்று அரைமணி நேரம் வாதம் நடந்தால் அந்தத் துண்டு இன்னும் ஒரு துண்டாகவில்லை.

அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்கு அ வேண்டும். சுழல் சார்பை எப்படி அவிழ்ப்பது?

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஓர் உண்மையான உதாரணம், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். லைப்ரரிக்குள் தேதி, கான்ஃபிக் (அமைப்புகள்), லாக் (நிகழ்வுப் பதிவு) என்று மூன்று பகுதிகள். தேதியை எழுதித்தரும் ஃபங்ஷன், பயனரின் மொழி என்ன என்று தெரிந்துகொள்ளக் கான்ஃபிக்கைக் கேட்கிறது. கான்ஃபிக், தன் கோப்பு கிடைக்காவிட்டால் லாக்கில் ஓர் எச்சரிக்கை எழுதுகிறது. லாக், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் போட வேண்டும் என்பதால் தேதி ஃபங்ஷனை அழைக்கிறது. வட்டம் முடிந்தது. மூன்றில் எதையும் தனியாக எடுக்க முடியாது. ஒரே லைப்ரரிக்குள் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை.

இந்த மாதிரி வட்டத்தில், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் மூன்று அம்புகளில் எது மெலிதானது என்று பாருங்கள். தேதி ஃபங்ஷனுக்குக் கான்ஃபிக் முழுவதும் தேவையா? இல்லை. ‘தமிழ்’ என்ற ஒரே ஒரு மதிப்பு போதும். அப்படியானால் அதைப் போய்க் கேட்காமல், அழைப்பவரே கையில் கொடுக்கட்டும். ஃபங்ஷனுக்கு ‘மொழி’ என்று ஒரு ஆர்க்யுமென்ட் சேர்த்தோம். தேதிக்கு இப்போது எந்தச் சார்பும் இல்லை. லாக் தேதியைச் சார்ந்திருக்கிறது, கான்ஃபிக் லாக்கைச் சார்ந்திருக்கிறது. வட்டம் நேர்கோடாகிவிட்டது.

ஆனால் பழைய ஃபங்ஷனை அழைக்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்குமே? அவற்றைத் தொட வேண்டாம். மேல் அடுக்கில், பழைய பெயரிலேயே ஒரு மெல்லிய உறை எழுதுங்கள்: கான்ஃபிக்கில் மொழியைப் படித்து, புதிய ஃபங்ஷனுக்குக் கொடுத்து, வருவதைத் திருப்பித்தரும் மூன்று வரி. பழைய அழைப்புகள் அந்த உறை வழியாக ஓடிக்கொண்டிருக்கும். அவரவர் நேரம் கிடைக்கும்போது புதியதற்கு மாறலாம்.

கொடுக்க வேண்டியது ஒரு மதிப்பாக இல்லாமல் ஒரு செயலாக இருந்தால், கீழ் அடுக்கில் சிறிய இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் வடிவம்) ஒன்றை வைத்து, மேல் அடுக்கு அதை நிரப்பலாம். இதை அளவாகச் செய்யுங்கள். எல்லா அம்பையும் இப்படித் திருப்பினால் எது எதை அழைக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். மூன்றாவது வழியைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்: காப்பி அடிப்பது. ஆறு வரி ஃபங்ஷன் ஒன்றுக்காக இரண்டு லைப்ரரிகளை நிரந்தரமாகக் கட்டிப்போடுவதற்கு, அதை இரண்டு இடத்தில் எழுதிவைப்பது எவ்வளவோ மேல்.

அவிழ்த்த முடிச்சு மறுபடி விழாமல் காவலும் வேண்டும். கோ மொழியில் பிரச்சினை இல்லை, பேக்கேஜ்களுக்கு இடையே வட்டம் இருந்தால் கம்பைலரே மறுத்துவிடும். மற்ற மொழிகளில் ‘தேதி பகுதி வேறு எதையும் இம்போர்ட் செய்யக் கூடாது’ என்ற விதியை ஒரு டெஸ்டாக எழுதி, ஒவ்வொரு பில்டிலும் ஓடவிடுங்கள். ஜாவாவில் அம்புகளைக் கண்டுபிடிக்க ஜேடெப்ஸ் என்ற கருவி ஜேடிகே 8 (ஜாவாவில் எழுதுவோருக்கான கருவிப் பெட்டி) முதல் கூடவே வருகிறது.

முதலில் பிரித்துவிட்டு, சுழல்களை அப்புறம் சரிசெய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒரே லைப்ரரிக்குள் இருக்கும்போது ஒரு ஃபங்ஷனை இடம் மாற்றுவது ஒரு கமிட். தவறினால் இன்னொரு கமிட்டில் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். தனித்தனியாக வெளியிட்ட பிறகு அதே இடமாற்றத்துக்கு இரண்டு ரிலீஸ், ஓர் அறிவிப்பு, பயன்படுத்துகிற எல்லோரும் அப்டேட் செய்யும்வரை காத்திருப்பு. ஆகவே அம்புகளையெல்லாம் உள்ளேயே நேராக்குங்கள். எல்லைகளை டெஸ்ட் மூலம் காவல் வைத்து ஓரிரு மாதம் வாழ்ந்து பாருங்கள். எல்லை தவறான இடத்தில் இருந்தால் அந்த டெஸ்ட் வாரத்துக்கு நான்கு முறை உடைந்து தானே காட்டிக்கொடுக்கும். தனிப் பேக்கேஜாக வெளியிடுவது கடைசி வேலை. அப்போது அது சலிப்பூட்டும் அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும்.

எத்தனை துண்டு போடலாம்?

முதலில் இரண்டு. நிஜமாகவே. ஒன்றைப் பிரித்து, வெளியிட்டு, ஒரு முழு ரிலீஸ் சுற்று போய்வந்த பிறகு மூன்றாவதைப் பற்றிப் பேசலாம்.

அதிகமாகப் போனவர்களும் இருக்கிறார்கள், நன்றாகவே நடத்துகிறார்கள். லினக்ஸுக்கான டெஸ்க்டாப் உருவாக்கும் கேடிஇ திட்டம் தன் பெரிய லைப்ரரியான கேடிஇலிப்ஸை 50-க்கும் மேற்பட்ட துண்டுகளாக்கி, ‘ஃப்ரேம்வொர்க்ஸ் 5’ என்ற பெயரில் 2014 ஜூலையில் வெளியிட்டது. அங்கே எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அடுக்குமுறை. முதல் அடுக்கில் இருப்பவை கேடிஇயின் வேறு எந்தத் துண்டையும் சாரக் கூடாது. இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கை மட்டும் சாரலாம். மற்றவை மூன்றாம் அடுக்கு. புதிதாக வரும் ஒருவருக்கு இந்த மூன்று வாக்கியத்தில் முழுப் படமும் கிடைத்துவிடுகிறது. ஐம்பதையும் ஒரே நாளில், மாதாமாதம் சேர்த்தே ரிலீஸ் செய்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எதிர்முனையில் என்ன ஆகும் என்பதற்கு லெஃப்ட்-பேடைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை, நானும் விடப்போவதில்லை. 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கினார். புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழையதாக மாற்றும் பேபல் உட்பட எத்தனையோ பில்ட்கள் சில மணி நேரம் படுத்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்டின் உதவி ஃபங்ஷன் தொகுப்பான லோடாஷ் தன் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பேக்கேஜாகவும் வெளியிட்டுப் பார்த்தது. உள்ளே பொதுவாக இருக்கும் கோட் ஒவ்வொரு பேக்கேஜிலும் பிரதியாக உட்கார்ந்துகொள்ள, பலவற்றைச் சேர்ப்பவருக்குச் சுமை கூடியதுதான் மிச்சம். அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று பிறகு அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ரெப்போவையும், அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கையும், பிரிக்க வேண்டுமா?

அவசியமில்லை. கோட் எல்லை, வெளியிடும் பேக்கேஜ், ரெப்போ ஆகிய மூன்றும் வேறு வேறு முடிவுகள். பேபல் 6 வந்தபோது (2015) அது ஒரு பெரும் பேக்கேஜ் பட்டாளமாகச் சிதறியது, ஆனால் கோட் ஒரே ரெப்போவில்தான் இருந்தது. அதைச் சமாளிக்க எழுதிய கருவிதான் லெர்னா. சி++ உலகத்தின் பூஸ்ட் இதற்கு நேர்மாறு: 2013 கடைசியில் கிட் என்ற வெர்ஷன் கருவிக்கு மாறியபோது ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனி ரெப்போ கொடுத்தார்கள், ரிலீஸை மட்டும் மொத்தமாகவே தொடர்ந்தார்கள்.

என் கருத்து: எல்லை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வரை ஒரே ரெப்போ. துண்டுகளை வெவ்வேறு டீம்கள், வெவ்வேறு அனுமதிகளோடு, வெவ்வேறு வேகத்தில் நடத்தும் நிலை வந்தால் அப்போது யோசிக்கலாம்.

தனி ரெப்போவுக்குப் போனால் பழைய கமிட் வரலாறு போய்விடுமா?

போகாது. கிட் ஃபில்ட்டர்-ரெப்போ என்ற கருவி, நீங்கள் சொல்லும் ஃபோல்டர்களின் வரலாற்றை மட்டும் வடிகட்டித் தரும். ஒரு பிரதியில் செய்யுங்கள், அசலில் அல்ல. கோப்பு முன்பு வேறு பெயரில் வேறு ஃபோல்டரில் இருந்திருந்தால் அந்தப் பழைய பாதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வரலாறு பாதியில் அறுந்து நிற்கும்.

ஏற்கெனவே பழைய பெயரில் பயன்படுத்துபவர்களை என்ன செய்வது?

பழைய பெயரை ஒரு வெற்று ஓடாக வைத்திருங்கள். உள்ளே கோட் எதுவும் இருக்காது. புதிய துண்டுகள் எல்லாவற்றையும் சார்ந்து, பழைய பெயர்களை அப்படியே திருப்பி வெளியே காட்டும். பழைய ஆட்கள் வெர்ஷனை மட்டும் உயர்த்தினால் போதும், அவர்களுக்கு எதுவும் மாறியதாகவே தெரியக் கூடாது. டாட்நெட்டில் இதற்கு டைப் ஃபார்வர்டிங் என்ற வசதியே உண்டு: ஒரு கிளாஸ் வேறு அசெம்பிளிக்குக் (கம்பைல் ஆன லைப்ரரிக் கோப்புக்குக்) குடிபோனால், பழைய அசெம்பிளி புது முகவரியைச் சொல்லும், ஏற்கெனவே கம்பைல் ஆன செயலியும் ஓடும்.

இதை மிக அழகாகச் செய்தவர்கள் என்று நான் நினைப்பது, லினக்ஸ், யூனிக்ஸ் திரைகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11 மென்பொருளை எழுதும் எக்ஸ்.ஆர்க் ஆட்களை. 2005 டிசம்பர் 21 அன்று எக்ஸ்11-இன் இரண்டு வெளியீடுகளை ஒரே நாளில் விட்டார்கள். ஆர்6.9 பழையபடி ஒரே கட்டி, ஆர்7.0 தனித்தனித் துண்டுகள். உள்ளே கோட் ஒன்றே. புதியதில் ஏதாவது உடைந்தால், உடைத்தது பிரிப்பு வேலையா கோட் மாற்றமா என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி: பிரிக்கும் ரிலீஸில் வேறு எதையும் செய்யாதே. இருக்கும் பிழையைக்கூடத் திருத்தாதே. இடம் மாறும் ரிலீஸில் பெயரும் மாறினால் வலி இரட்டிப்பு. ஆண்ட்ராய்டின் சப்போர்ட் லைப்ரரி 2018-இல் ஆண்ட்ராய்டுஎக்ஸ் ஆனபோது பேக்கேஜ் பெயர்கள் மொத்தமாக மாறின. மற்றவர்கள் ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருந்த லைப்ரரிகளுக்குள் புகுந்து பெயர்களைத் திருத்தவென்றே ஜெட்டிஃபையர் என்ற கருவி தேவைப்பட்டது. அப்படி ஒரு கருவியை எழுதிப் பராமரிக்க உங்களிடம் ஆள் இருக்கிறதா?

வெற்று ஓட்டை எப்போது தூக்குவது? தேதி குறித்து அறிவியுங்கள், ஆனால் யாரும் அதை மதிக்கமாட்டார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பயன்பாடு பூஜ்யமானதைக் கண்ணால் பார்த்த பிறகு தூக்கலாம்.

எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே வெர்ஷன் எண்ணா, தனித்தனியா?

ஆரம்பத்தில் ஒரே எண். ‘4.2 எல்லாமே 4.2-உடன் சேரும்’ என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மாறாத துண்டுக்கும் எண் ஏறுவது வீண் என்று தோன்றும். பரவாயில்லை, எண்களுக்குப் பஞ்சமில்லை.

தனித்தனி எண் வைத்தால், எதனோடு எது ஒத்துப்போகும் என்ற அட்டவணையை யாராவது வைத்திருக்க வேண்டும். ஜாவாவின் பில்ட் கருவியான மேவன் உலகில் அந்த அட்டவணையையே ஒரு கோப்பாக வெளியிடுகிறார்கள், பாம் என்று அழைப்பார்கள். பயன்படுத்துபவர் அதன் ஒரு எண்ணை மட்டும் குறித்தால் மற்ற எண்கள் தாமாக வந்து அமரும். ஒரு துண்டு உண்மையிலேயே தன் வழியில் போகத் தொடங்கிய பிறகு அதற்கு மட்டும் தனி எண் கொடுங்கள்.

ஒரே கிளாஸ் இரண்டு லைப்ரரிகளில் இருந்துவிட்டால் என்ன ஆகும்?

விநோதமான விஷயங்கள் ஆகும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ‘நேரம் முடிந்தது’ என்ற எக்ஸப்ஷனைப் புதிய துண்டுக்கு நகர்த்தினோம். பழைய லைப்ரரியின் முந்தைய வெர்ஷன் ஒன்று, வேறொரு பேக்கேஜின் வழியாகப் பின்வாசலில் உள்ளே வந்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் செயலி. கோட் எக்ஸப்ஷனை எறிகிறது, அதைப் பிடிக்க வேண்டிய இடம் ‘இது அந்த வகையா?’ என்று கேட்கிறது, இல்லை என்று பதில் வருகிறது. லாக்கில் பார்த்தால் இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. எறிந்தது ஒரு பிரதியின் கிளாஸ், பிடிக்கக் காத்திருந்தது இன்னொரு பிரதியின் கிளாஸ். மறுமுயற்சி செய்ய வேண்டிய கோரிக்கைகள் எல்லாம் பிழையாகத் திரும்பின. கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. அன்றிலிருந்து, இப்படி வகை பார்த்துச் சோதிக்கும் இடங்களில் கிளாஸை நம்பாமல் ‘குறியீடு’ என்று ஒரு சரத்தை வைத்து ஒப்பிடுகிறேன்.

கூகுளின் குவாவா லைப்ரரிக்கும் இந்தச் சிக்கல் வந்தது. லிசனபிள்ஃபியூச்சர் என்ற ஒரே ஓர் இன்டர்ஃபேஸ் மட்டும் ஆண்ட்ராய்டு பக்கம் தேவைப்பட்டது, அதற்காக முழு குவாவாவையும் சுமக்க முடியாது. 2018-இல் 27.0 வெர்ஷனின்போது அதைத் தனியாக எடுத்து 1.0 என்று வெளியிட்டார்கள். இரண்டையும் சேர்த்தவருக்குக் கிளாஸ் இரட்டிப்பாகுமே? அதற்கு, அதே பெயரில் 9999.0 என்று தொடங்கும் எண்ணோடு காலிப் பேக்கேஜ் ஒன்றை வெளியிட்டு, குவாவா அதைச் சார்ந்திருக்கும்படி செய்தார்கள். பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கிரேடில் போன்ற பில்ட் கருவி காலியானதை எடுத்துக்கொள்ளும், மோதல் இல்லை. சிரிப்பு வரும் தீர்வுதான், ஆனால் வேலை செய்கிறது.

ஜாவா 9 முதல் மாட்யூல்களாக எழுதினால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஒரே பேக்கேஜ் பெயரை இரண்டு மாட்யூல்கள் பங்குபோட முடியாது. பிரிக்கும்முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் எழுதுவது சி. ஷேர்ட் லைப்ரரியைப் பிரித்தால் பழைய செயலிகள் ஓடுமா?

லினக்ஸில், ஏற்கெனவே கம்பைல் ஆன செயலி தனக்கு வேண்டிய லைப்ரரிக் கோப்பின் பெயரைத் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும். அந்தப் பெயரில் வெற்று ஓடு இருந்து, அது புதிய துண்டுகளைச் சார்ந்திருந்தால், லோடர் (செயலி தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் பகுதி) அவற்றிலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். பழைய செயலி ஓடும். சிம்பல்களுக்கு (லைப்ரரி வெளியே காட்டும் ஃபங்ஷன் பெயர்களுக்கு) வெர்ஷன் போட்டிருந்தால் மட்டும் கூடுதல் வேலை: எந்தக் கோப்பிலிருந்து எந்த வெர்ஷன் என்பதும் செயலிக்குள் பதிவாகியிருக்கும், ஆகவே ஓட்டிலும் அந்த வெர்ஷன் பெயர்கள் இருந்தாக வேண்டும்.

புதிதாகக் கம்பைல் செய்பவர்தான் முதலில் அடிவாங்குவார். வெற்று ஓட்டை மட்டும் இணைத்தால் லிங்கர் (துண்டுகளை இணைத்துச் செயலியாக்கும் கருவி), சிம்பல் வேறு லைப்ரரியில் இருக்கிறது, அதைக் கட்டளையில் காணோம் என்று நின்றுவிடும். டெர்மினல் திரைக்கான என்கர்சஸ் லைப்ரரியிலிருந்து டின்ஃபோ பகுதியைச் சில லினக்ஸ் வினியோகங்கள் தனி லைப்ரரியாகப் பிரித்தபோது எத்தனையோ பேர் பார்த்த பிழை இது. அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: டெவலப்மென்ட் பேக்கேஜில் இருக்கும் .எஸ்ஓ கோப்புக்குப் பதிலாக ‘இந்த இரண்டையும் எடுத்துக்கொள்’ என்று சொல்லும் ஒருவரி லிங்கர் ஸ்கிரிப்ட்டை வைப்பது.

டெஸ்ட்களை எப்படிப் பிரிப்பது?

கோடோடு கூடவே போகட்டும். பொதுவான டெஸ்ட் உதவிகளை மட்டும் தனிப் பேக்கேஜாக்குங்கள். இல்லையென்றால் தேதி லைப்ரரியின் டெஸ்ட், போலி டேட்டாபேஸுக்காகப் பழைய லைப்ரரியையே இழுத்துவரும்.

மேலதிகாரி எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறார்.

முடியும் தேதியைச் சொல்லாமல், முதல் துண்டு வெளிவரும் தேதியை மட்டும் சொல்லுங்கள். அதையும் இரண்டால் பெருக்கி. ஜாவாவைத் துண்டுகளாக்கும் ஜிக்சா திட்டம் 2008-இல் தொடங்கியது. ஜாவா 7-இல் வரும் என்றார்கள், 8-இல் என்றார்கள், கடைசியில் ஜாவா 9-உடன் 2017 செப்டம்பரில் வந்தது. உங்களுடையது அவ்வளவு பெரிதல்ல என்பது ஓர் ஆறுதல்.

நடுவில் நிறுத்தினாலும் நஷ்டம் வராதபடி வேலையை வரிசைப்படுத்துங்கள். அம்புகளை நேராக்கியதோடு திட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனாலும், மிஞ்சும் லைப்ரரி முன்பைவிட நன்றாகத்தான் இருக்கும். பாதிப் பேக்கேஜ்களை வெளியிட்ட நிலையில் நின்றால் அப்படி இல்லை.

பிரித்தது தவறு என்று பிறகு தெரிந்தால்?

சேர்த்துவிடுங்கள், வெட்கம் என்ன? இரண்டு துண்டுகள் எப்போதும் ஒன்றாகவே ரிலீஸ் ஆகின்றன, ஒன்றை மட்டும் பயன்படுத்துபவர் யாரும் இல்லை என்றால் அவை ஒன்றே. லினக்ஸைத் தொடக்கிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் ஜர்னல், லாகின் போன்ற நான்கு சிறு லைப்ரரிகளை 2014-இல் 209 வெர்ஷனில் ஒரே லிப்சிஸ்டம்டியாக்கியது. குனு சி லைப்ரரி பல காலமாகத் தனியாக வைத்திருந்த திரெட் லைப்ரரியையும், டைனமிக் லோடிங் லைப்ரரியையும் இன்னும் இரண்டையும் 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் மூல லைப்ரரிக்குள்ளேயே கொண்டுவந்தது.

வெற்று ஓடு தந்திரம் இந்தத் திசையிலும் செல்லும். 2.34 வந்த பிறகும் அந்தத் திரெட் லைப்ரரியின் பழைய பெயரான லிப்பிதிரெட் என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு அங்கே இருக்கிறது. அதை இணைக்கச் சொல்லும் பழைய மேக்ஃபைல்கள் (பில்ட் கட்டளைக் கோப்புகள்) இன்றும் பிழையில்லாமல் ஓடுகின்றன.